ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்க இன்று அவர் இல்லை. கேட்காமல் எழுதுவது அவருக்குப் பிடிக்காது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். சங்கரன்கோவிலில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் டாக்டர், நான் கம்பவுண்டர். சுதந்திரம் வந்த மறு வருஷம் வந்து சேர்ந்தார். எட்டு வருஷத்துக்கும் மேலாக ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். ஊருக்கெல்லாம் அவர் டாக்டரம்மா. எனக்கும் அப்படித்தான்.

குள்ளமான உருவம், வேகமான நடை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம் என்பதால் பேச்சு எங்கள் பேச்சுதான். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, “வைக்கட்டுமா?” என்பார். வந்தவள் தலையாட்டும் வரை வைக்க மாட்டார். ஊசி என்றால் “போடட்டுமா?” மூன்று வயதுப் பிள்ளையிடமும் கேட்பார். வேண்டாம் என்று அது கத்தினால், “சரி, எப்ப போடலாம்? அந்தக் காக்கா பறந்த பெறகா?” என்று கேட்டுவிட்டு, காக்கை பறக்கிற வரை ஊசியைப் பிடித்தபடி நிற்பார். வெளியே வரிசை வேப்பமரத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

கர்ப்பிணிகள் எங்கள் ஊரில் தனியாக வருவதில்லை. கூட மாமியாரோ புருஷனோ வருவார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்களே பதில் சொல்வார்கள். “எத்தன மாசம்?” என்றால் மாமியார், “ஏழு டாக்டரம்மா” என்பாள். டாக்டரம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு, “நான் உங்கிட்டதான் கேக்கேன்” என்பார். பிறகு பேச மாட்டார். அந்தப் பெண் வாயைத் திறக்கிற வரை அறையில் சுவர்க் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த அமைதி எனக்குத் தாங்காது.

“இப்பிடிக் கேட்டுக்கிட்டிருந்தா சாயந்தரம் ஆயிரும் டாக்டரம்மா. பனவடலிசத்திரத்து வண்டியெல்லாம் காத்துக் கெடக்கு.”

“கெடக்கட்டும். அவ வயிறு. அவகிட்ட கேக்காம வேற யார்ட்ட கேக்க?”

ஒருமுறை ஒரு சம்சாரி, ஐந்தாவது பிரசவத்துக்கு மனைவியைச் சேர்த்துவிட்டு, என்னைத் தாண்டிப் போய் டாக்டரம்மாவிடம் குசுகுசுத்தான். பிள்ளை பிறந்த கையோடு இனிமேல் பிறக்காதபடி ஆபரேசன் செய்துவிட வேண்டுமாம். அவளுக்குத் தெரிய வேண்டாமாம். டாக்டரம்மா அவனைக் கையோடு வார்டுக்குக் கூட்டிப்போய், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, “இப்ப எங்கிட்ட சொன்னத இவகிட்ட சொல்லுங்க” என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் சத்தமே போடவில்லை. “எனக்கும் போதுந்தான். நாலு வருசமா நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். ஆனா என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?” என்றாள். ஆபரேசன் நடந்தது. அவள் வார்டில் இருந்த நாளெல்லாம் அவன் அவளுக்குக் காப்பி வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்தது என்று நான் சொன்னால் அது பொய். ராயகிரியிலிருந்து ஒரு தலைச்சன் பிரசவம் வந்தது. பிள்ளை இறங்கவில்லை. “ஆயுதம் போட்டு எடுக்கட்டுமா?” என்று டாக்டரம்மா கேட்டார். ஆயுதம் என்ற சொல்லிலேயே அந்தப் பெண் வெலவெலத்துப் போய், வேண்டாம், எங்க அம்மை வரட்டும் என்றாள். டாக்டரம்மா காத்திருந்தார். அம்மாக்காரி வந்து, அழுது, சரி என்று சொல்லும்போது நேரம் கடந்துவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா மருந்து அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். “நேத்து நீங்க கேட்டிருக்கக் கூடாது டாக்டரம்மா.”

கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “கேட்டது தப்பில்ல கம்பவுண்டர். என்னன்னு சொல்லாமக் கேட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. ஆயுதம்னு சொன்னா அவ அரிவாளத்தான் நெனப்பா. அதக் காட்டி, ரெண்டு கரண்டி மாதிரிதாம்மா இருக்கும், போடலேன்னா பிள்ளைக்கு ஆபத்துன்னு சொல்லிட்டுல்ல கேட்டிருக்கணும்? தெரியாமச் சொன்ன வேண்டாம் அது. அத நான் எடுத்துக்கிட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் வழக்கம் மாறியது. முதலில் சொல்வார். பிறகு, “நான் சொன்னத நீ எனக்குத் திருப்பிச் சொல்லு பாப்போம்” என்பார். அதற்குப் பிறகுதான் கேட்பார். வரிசை இன்னும் நீண்டது. ஆனால் நான் அதைப் பற்றி வாய் திறப்பதை விட்டுவிட்டேன்.

இனி என் வீட்டுக் கதைக்கு வர வேண்டும். என் மனைவி கோமதி என் சொந்த அக்காவின் மூத்த மகள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கட்டுவது சாதாரணம். அவள் என்னைப் பிறந்ததிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். எங்கள் மகள் ஆவுடைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அவளுக்கு ஒன்பது வயதாகும்போது கோமதி இரண்டாவது முறை உண்டானாள்.

மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது நான் செய்ததை இத்தனை காலமும் யாரிடமும் சொன்னதில்லை. வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். “இதுவும் அப்பிடிப் பிறந்துட்டா என்ன செய்ய? ஏதாவது மருந்து குடுத்துக் கலைச்சிரலாமா டாக்டரம்மா? டானிக்னு சொல்லி நானே குடுத்திருதேன். நான் எதக் குடுத்தாலும் அவ குடிப்பா” என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“குடிப்பா. அதனாலதான் குடுக்கக் கூடாது. சட்டமும் விடாது, நானும் தர மாட்டேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பயத்தக் கோமதிகிட்ட சொன்னியளா?”

“இல்ல.”

“எங்கிட்ட சொன்னத அவகிட்ட போய்ச் சொல்லுங்க. அந்த டானிக்கையும் சேத்துத்தான்.”

மருந்து அறையின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நினைத்திருந்தால் நானே திறந்து எடுத்திருக்கலாம்; எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய், அடுப்படியில் கோமதி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“ஆவுடை மாதிரி இன்னொண்ணு வந்தா உங்களுக்கு அவ்வளவு பாரமா மாமா?”

“பாரமில்லட்டி. பயம்.”

“எனக்கும் பயந்தான். ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம். தனியாப் பயந்தா புத்தி இப்பிடித்தான் போவும்” என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, பிள்ளை வேண்டும் என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி டாக்டர் வந்தார். இளவயது, கோட்டுப் போட்டிருந்தார், கையில் ஒரு மரப்பெட்டியும் காமிராவும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் காது கேளாத பிள்ளைகள் அதிகமா என்று பார்க்கிறாராம். ஒவ்வொரு வீட்டிலும் வம்ச விவரம் எழுத வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்பது தெரியாமல், “உங்க கம்பவுண்டர் வீட்டிலேயே ஒரு கேஸ் இருக்குதாமே?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

“கேஸ் இல்ல. பிள்ள. பேரு ஆவுடை.”

“சாரி மேடம். பேப்பர்ல ஒரு கைநாட்டு வாங்கிக் கொடுத்தாப் போதும். ஜீன், அது இதுன்னு இவங்களுக்குச் சொன்னா என்ன புரியப்போகுது?”

“புரியுற மாதிரிச் சொல்லுதது நம்ம வேல. அவங்க வேல இல்ல” என்றார் டாக்டரம்மா. “கோமதியக் கூட்டிட்டு வரச் சொல்லுதேன். நீங்களும் இருங்க.”

மறுநாள் கோமதி வந்தாள். ஆவுடையும் கூடவே வந்தாள். டாக்டரம்மா மேஜையின் மேல் இரண்டு புளியங்கொட்டைகளை வைத்தார். தாயம் விளையாட ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்தவை.

“இந்தா கோமதி, இதுல ஒண்ணு உன் பக்கம், ஒண்ணு உன் மாமா பக்கம். ரெண்டும் வெள்ளையா விழுந்தாத்தான் பிள்ளைக்குக் காது கேக்காது. ஒண்ணு கறுப்பா விழுந்தாலும் கேக்கும். சொந்தத்துக்குள்ள கட்டுனா ரெண்டு பேர் கையிலயும் இப்பிடித் தேச்ச கொட்ட இருக்கதுக்கு வாய்ப்பு கூட. இப்பிடித்தான் இருக்கும்னு இவுக நெனைக்காக. உன் வீட்டுல இதுதான் நடந்துச்சான்னு எனக்குத் தெரியாது, இவுகளுக்கும் தெரியாது. அதப் பாக்கத்தான் வந்திருக்காக. இப்ப நீ சொல்லு, நான் என்ன சொன்னேன்?”

கோமதி சொன்னாள். ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள். பிறகு கொட்டைகளைக் கையில் எடுத்து உருட்டினாள். கறுப்பு, வெள்ளை. மறுபடி உருட்டினாள். இரண்டும் கறுப்பு. பத்துப் பன்னிரண்டு தடவை உருட்டியிருப்பாள். இரண்டு வெள்ளை விழுந்தபோது கையை எடுத்துக்கொண்டாள்.

“ஒருக்க இப்பிடி விழுந்துட்டா, அடுத்த தடவ விழாதா?”

“விழலாம், விழாமலும் இருக்கலாம்” என்றார் ஆராய்ச்சி டாக்டர். அவர் குரல் நேற்றுபோல் இல்லை.

கோமதி கொஞ்ச நேரம் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். “நான் ஒண்ணு கேக்கட்டா? இவ வயித்துல இருக்கையில ஒரு கெரகணத்தன்னைக்கு நான் தெருவுல எறங்கி நடந்தேன். அதனாலதான் இவளுக்கு இப்பிடி ஆச்சுன்னு இருக்கேன். அதானா இல்லியான்னு இவுக பாத்துச் சொல்லுவாகளா?”

பத்து வருஷத் தாம்பத்தியத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

“கெரகணத்தால வராதும்மா. நான் சொல்லுதேன்” என்றார் டாக்டரம்மா.

“நீங்க என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுவிய. இவுக பாத்துட்டுச் சொல்லட்டும்.”

ஆராய்ச்சி டாக்டர், “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று தொடங்கினார். டாக்டரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். “அவ ரத்தம் தரப்போறா. பதிலுக்குக் கேக்கது இது ஒண்ணுதான். நல்ல கேள்வி. ஆராய்ச்சி முடிஞ்சதும் பதில அவ பேருக்குத் தமிழ்ல எழுதி அனுப்பணும். யார் பேரும் வெளிய வரக் கூடாது. சம்மதமா?”

அவரிடமும் கேட்டுவிட்டார்! அவர் சிரித்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார்.

கோமதியும் நானும் கை நீட்டினோம். பாக்கி ஆவுடை. அவள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் டாக்டரம்மா அவளிடமிருந்து கைப்பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தார். அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதலில் தன் விரலில் தானே குத்தி, சொட்டு ரத்தத்தைக் காட்டினார். மரப்பெட்டியைக் காட்டினார். ரயில் போவதுபோல் கையை ஆட்டினார். வலிக்கும் என்று முகத்தைச் சுளித்துக் காட்டினார். கடைசியில் உள்ளங்கையை விரித்து அவள் முகத்தைப் பார்த்தார்.

ஆவுடை யோசித்தாள். பிறகு ஆராய்ச்சி டாக்டரைச் சுட்டிக்காட்டி, ஊசியைச் சுட்டிக்காட்டினாள். முதலில் அவருக்கு என்றாள்.

“கேட்டியளா?” என்றார் டாக்டரம்மா.

அந்த மனிதர் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு விரலை நீட்டினார். டாக்டரம்மா குத்தினார். அவர் ‘ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டதைப் பார்த்து ஆவுடை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு தன் கையைக் கொடுத்தாள். காமிராவைக் காட்டியபோது மட்டும் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். அவர் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கோமதியின் அம்மாவான என் அக்கா மட்டும் உள்ளே வரவில்லை. கூப்பிட்டு அனுப்பியதற்கு ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, “ஏலே தம்பி, சின்னவளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன். நம்ம வம்சத்துல ஊமை இருக்குன்னு ஊரெல்லாம் எழுதி வச்சுக்கிட்டுப் போவாக. என் ரத்தத்தத் தர மாட்டேன்” என்று சத்தம் போட்டாள். டாக்டரம்மா வெளியே வந்து முழுவதையும் கேட்டார். பெயர் வெளியே வராது என்றார். அப்போதும் அக்கா மாட்டேன் என்றாள். “சரிம்மா. வெயிலா இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று உள்ளே போய்விட்டார்.

ஆராய்ச்சி டாக்டருக்கு வருத்தம். “முக்கியமான சாம்பிள் மேடம். நீங்க கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா…”

“அவங்க வேண்டாம்னு சொல்ல எடம் இருந்தாத்தான் கோமதி சொன்ன சரிக்கு மதிப்பு” என்றார் டாக்டரம்மா.

பங்குனியில் பையன் பிறந்தான். காதருகே மணி அடித்துப் பார்க்கலாமா என்று டாக்டரம்மா கேட்டார். கோமதி வேண்டாம் என்றாள். “தெரியும்போது தெரியட்டும். இப்ப என் பிள்ளையா மட்டும் இருக்கட்டும்.” நான் தவித்துப் போனேன். டாக்டரம்மா மணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். ஆடித்தபசுத் திருவிழா அன்று கோவில் கூட்டத்துக்கு நடுவில் வேட்டுச் சத்தம் கேட்டு, கோமதி இடுப்பிலிருந்த பையன் வீறிட்டு அழுதான். கோமதி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த கணமே ஆவுடையை இழுத்துத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஏன் இத்தனை இறுக்கம் என்று புரியாமல் ஆவுடை நெளிந்தாள்.

சென்னைக்காரர் மறந்துவிடுவார் என்றே நான் நினைத்திருந்தேன். மறு வருஷம் கடிதம் வந்தது. உறை மேல் கோமதி அம்மாள் என்று எழுதியிருந்தது. அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் அதுதான். டாக்டரம்மா வாசித்தால்தான் கேட்பேன் என்று ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். பேரனைத் தூக்கிக்கொண்டு அக்காவும் வந்திருந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டாக்டரம்மா சத்தமாக வாசித்தார்.

உங்கள் வீட்டுக்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருந்தார். ஆனால் இரு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், இதில் தாய் குற்றம், தகப்பன் குற்றம் என்று எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே:

‘நீங்கள் கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு நான் போன எல்லா வீடுகளிலும் கேட்டேன். கிரகணத்தன்று வாசலைத் தாண்டாத தாய்மாருக்கும் காது கேளாத குழந்தைகள் பிறந்திருக்கின்றன. வெளியே நடந்தவர்களுக்கு நன்றாகக் காது கேட்கும் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. நீங்கள் அன்று தெருவில் நடந்ததால் ஆவுடைக்கு எதுவும் ஆகவில்லை.’

கோமதி கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். டாக்டரம்மா வாசித்தார்.

அப்போது அக்கா, இடுப்பிலிருந்த பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தானட்டி ஒன்ன அனுப்பினேன்” என்றாள். “தயிருக்குப் போயிட்டு வான்னு நாந்தான் அனுப்பினேன். நீ போனப் பெறவுதான் கெரகணம்னே எனக்கு நெனப்பு வந்துச்சு. இத்தன வருசமா இந்தப் பிள்ள மொகத்தப் பாக்கும்போதெல்லாம்…” முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“நீ அனுப்பினத நான் மறந்தே போயிட்டேன்மா” என்றாள் கோமதி. “நான் நடந்ததத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

ஒரே வீட்டு வாசலில் தினமும் பார்த்துக்கொண்ட இரண்டு பேர், இத்தனை வருஷமும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு பழியைச் சுமந்திருக்கிறார்கள். டாக்டரம்மா கடிதத்தை மடித்துக் கோமதி கையில் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களை எங்கள் பக்கம் வராமல் தானே திருப்பி நிறுத்தினார்.

ஆவுடைக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் ஏன் அழுகிறார்கள் என்று கையால் கேட்டாள். கோமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வராந்தாவிலேயே அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள். சூரியன், அதை மறைத்த நிழல், வயிற்றுக்குள் இருந்த நீ, தெருவில் நடந்த நான். நடுவில் அக்கா புகுந்து, தயிர்ச்சட்டியைக் கையால் காட்டப் பார்த்தாள். அவளுக்குக் கைப்பேச்சு சரியாக வராது. ஆவுடை சிரித்துக்கொண்டே அக்காவின் விரல்களைப் பிடித்து, தயிருக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்று மடக்கிக் கொடுத்தாள்.